கடலுக்கு அடியில் கிடைத்த வெள்ளம்

லேப்ல ஒரு ரீடிங் கிராஃப்ல உட்காரலேன்னா என்ன செய்வோம்? உண்மையைச் சொல்லுங்க, ரப்பரைத்தானே எடுப்போம்! 1923-ல் ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற அமெரிக்கப் புவியியலாளர் ரப்பரை எடுக்கவில்லை.

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே, எரிமலைப் பாறையைக் குடைந்த பிரம்மாண்டமான வாய்க்கால்களையும், சொட்டுத் தண்ணீர் இல்லாத அருவிகளையும் அவர் பார்த்தார். "இது பெருவெள்ளத்தின் வேலை" என்றார். நிலம் மெதுவாகத்தான் மாறும் என்று நம்பிய மற்றவர்கள் கேட்டார்கள்: அவ்வளவு தண்ணி எங்கிருந்து வந்துச்சு? அவரிடம் சரியான பதில் இல்லை.

பதில் பக்கத்தில் மொன்டானாவில் இருந்தது. பனியுகத்தில் ஒரு பனிப்பாறை கிளார்க் ஃபோர்க் ஆற்றை அடைத்ததால் மிசூலா என்ற ஏரி உருவானது. அணைக்கு அருகே ஆழம் சுமார் 600 மீட்டர். ஆனா அணையே பனிக்கட்டி, அது மிதக்குமே! நீர்மட்டம் பனியின் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தொட்டதும் அணை மேலே எழும்பப் பார்க்கும். அடியில தண்ணி புகுந்தா கதை முடிஞ்சுது. 2,000 கன கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் சில நாட்களில் காலி. பனி மறுபடி வந்து அடைக்கும், மறுபடி உடையும். சுமார் 18,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன்பு இது பல தடவை நடந்தது. ஏரித் தரையில் வெள்ளம் விட்டுப்போன ராட்சத சரளைக்கல் அலைகளை 1942-ல் ஜோசப் பார்டீ விவரித்தார்.

சரி, அரித்த மண் எங்கே போச்சு? கொலம்பியா ஆறு வழியா கடலுக்கு. ஒரு கன மீட்டர் நன்னீர் 1,000 கிலோ, கடல்நீர் சுமார் 1,025 கிலோ. அப்போ ஆத்துத் தண்ணி மேலதானே மிதக்கணும்? ஆனால் கன மீட்டருக்குச் சுமார் 40 கிலோவுக்கு மேல் வண்டல் கலந்தால் அது கடல்நீரைவிடக் கனமாகி, மூழ்கி, கடல்தரைச் சரிவில் ஓடும். இதற்குப் பெயர் டர்பிடிட்டி கரண்ட்.

1996-ல் ஓஷன் டிரில்லிங் புரோகிராம் வட கலிஃபோர்னியாவுக்கு அப்பால் எஸ்கனாபா பள்ளத்தில் துளையிட்டது. கீழே மணல், மேலே மென்சேறு என்று தடித்தடியான படிவுகள் கிடைத்தன. அந்த மணல் கொலம்பியா ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. கடலடியில் சுமார் 1,000 கிலோமீட்டர் பயணம்!

பிரெட்ஸுக்கு 1979-ல் பென்ரோஸ் பதக்கம் கிடைத்தது. இந்தக் கடலடிச் சாட்சியைப் பார்க்க அவர் இல்லை; 1981-லேயே இறந்துவிட்டார்.

அடுத்த தடவை ஒரு புள்ளி கோட்டுல உட்காரலேன்னா, அழிக்காம ஒரு வட்டம் போட்டு வைங்க. பதில் வேற எங்கேயாவது புதைஞ்சு கிடக்கலாம்.