கைப்பேசியில் தமிழ் எழுத்து

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பிள்ளைகள் பாட்டிக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்புகிறார்கள், மகிழ்ச்சியே. ஆயினும் ‘சௌக்கியமா?’ என்பதை ஆங்கில எழுத்துக்களில் அல்லவா தட்டுகிறார்கள்! தமிழ் மட்டும் படித்த பாட்டி, அதை அண்டை வீட்டாரிடம் காட்டிப் படித்தறிய வேண்டியிருக்கிறது.

‘247 எழுத்துக்கும் விசை ஏது?’ என்று வினவுவோர் உளர். 1999-ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகையில், உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகளே அடிப்படை. உயிர் இடப்புறம், மெய் வலப்புறம். அ, ம, ம, ஆ என நான்கு முறை தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். இடையிலுள்ள புள்ளியைப் பலகையே இட்டுக்கொள்ளும். அந்த அழகை என்னென்பது! ‘செல்லினம்’ செயலியில் இப்பலகை உண்டு. ரயில்வே அலுவலகத்தில் நாள் முழுதும் ஆங்கிலப் பலகையைத் தட்டும் நம் விரல்களுக்கே இது சில வாரங்களில் பழகிவிட்டது.

வாயால் சொன்னால் தானே எழுதிக்கொள்ளும் வசதியும் இப்போது உண்டு. கண் மங்கிய முதியோர்க்கு அது பெரும் உதவி. எழுத்துக் கூட்டிப் பழகாத பிள்ளைகளின் கையில் அதை இப்போதே கொடுப்பதை நாம் விரும்பவில்லை.