‘அப்பா காட்டுல வேலை பாக்காரு’: அபூர்வ ஆங்கிலச் சொற்களை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

சென்னையில் ஓர் ஐ.டி. நிறுவனத்தின் நேர்காணல் அறை என்று வைத்துக்கொள்வோம். வந்திருப்பவர் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமத்துப் பட்டதாரி. ‘அப்பா என்ன செய்கிறார்?’ என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். மனசுக்குள் ஓடுவது, ‘அப்பா காட்டுல வேலை பாக்காரு’. வாயில் வருவது, ‘ஹி ஒர்க்ஸ் இன் தி ஃபாரஸ்ட்’. ‘ஓ, வனத்துறையா?’ என்று அடுத்த கேள்வி விழுகிறது. அதோடு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

கரிசல் பூமியில் காடு என்றால் மரங்கள் அடர்ந்த வனம் இல்லை. பருத்தியும் உளுந்தும் கம்பும் விளைகிற புஞ்சை. ‘காட்டுக்குப் போயிட்டு வாரேன்’ என்று யாராவது சொன்னால் புலியைப் பார்க்கப் போகவில்லை, களை எடுக்கப் போகிறார் என்று அர்த்தம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டதாரி முந்தைய இரவு ‘யுபிக்விட்டஸ்’, ‘பிளெதோரா’, ‘மெட்டிகுலஸ்’ என்று முப்பது சொற்களை உருப்போட்டுவிட்டு வந்திருப்பார். அவருக்குத் தேவைப்பட்டதோ ‘ரெயின்ஃபெட்’ என்கிற ஒரே ஒரு சொல். மானாவாரி என்பதற்கு ஆங்கிலம் அதுதான்.

பட்டியல் வந்த கதை

கடினமான ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யும் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வில் எதிர்ச்சொல் கேள்விகள் வரும். ‘பாரன்ஸ்’ வழிகாட்டியின் 3,500 சொற்களை ஏ முதல் இஸட் வரை விழுங்கியவர்கள் இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். 2011 ஆகஸ்டில் அந்தத் தேர்வு மாற்றியமைக்கப்பட்டபோது எதிர்ச்சொல் பகுதியையே எடுத்துவிட்டார்கள். இப்போது சொல்லை வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கிறார்கள். பட்டியல் மட்டும் சாகவில்லை, ரீல்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

அதற்காக அபூர்வச் சொற்களே வேண்டாம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006-ல் போட்ட கணக்குப்படி, ஆங்கில நாவலையோ நாளிதழையோ அகராதி துணையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 வரை சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். சொற்குடும்பம் என்பது ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது. அடிக்கடி புழங்கும் முதல் 2,000-ஐ வைத்து எந்தப் பக்கத்திலும் சுமார் 80 சதவீதத்தை ஒப்பேற்றிவிடலாம். மிச்சத்துக்கு அபூர்வச் சொற்கள் வேண்டியிருக்கிறது.

ஆனால், அர்த்தம் தெரிந்துவிட்டால் சொல் தெரிந்ததாக ஆகிவிடாது. தமிழில் வெயில் ‘அடிக்கும்’, மழை ‘பெய்யும்’. வெளியூர்க்காரர் ஒருவர் ‘இன்னிக்கு நல்ல வெயில் பெய்யுது’ என்றால் அர்த்தம் புரியும், சிரிப்பும் வரும். ஆங்கிலத்தில் நாம் இதைத்தான் செய்கிறோம். ‘ஹெவி ரெயின்’ சரி. அதே ருசியில் ‘ஹெவி விண்ட்’ என்கிறோம். அவர்களுக்குக் காற்று என்றால் ‘ஸ்ட்ராங்’தான்.

ஒரு சொல்லை அது யாரோடு சேர்ந்து வருகிறது என்பதை வைத்துத்தான் அறிய முடியும் என்ற கருத்தைப் பிரபலமாக்கியவர் பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே.ஆர்.ஃபர்த். அவருக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டு. ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலுக்காக 1934-ல் தமிழ் உச்சரிப்பு பற்றி ஒரு சிறு விளக்கம் எழுதித் தந்தவர் அவர்.

இடைசெவல்காரரின் வழி

அந்தக் கருத்தைக் கரிசல் மண்ணில் செய்தே காட்டியவர் கி.ராஜநாராயணன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் 1923-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தவர். சம்சாரிகளின் பேச்சில் மட்டும் புழங்கிய சொற்களைத் திரட்டி 1982-ல் அவர் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே கொண்டுவந்தார். பெரிய அகராதிகள் கண்டுகொள்ளாத சொற்கள் அவை. அச்சில் இருந்து அவர் எடுக்கவில்லை. யார், எதைப் பார்த்து, எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று கேட்டு எடுத்தார்.

ஆங்கிலச் சொல்லையும் அப்படி ஒரு பொருளோடு, ஒரு இடத்தோடு கட்டிப்போட்டால் என்ன? கரிசல் காட்டில் நின்றுகொண்டே அதற்குச் சில சொற்களைப் பொறுக்க முடியும்.

முதலில், இன்ஸ்டாகிராமில் படாதபாடு படும் ‘பெட்ரிகோர்’. காய்ந்து கிடந்த மண்ணில் மழை விழுந்ததும் கிளம்பும் வாசம். இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரைக்காக உருவாக்கிய சொல் இது. கிரேக்கத்தில் ‘பெட்ரா’ என்றால் கல். ‘ஐகோர்’ என்றால் தேவர்களின் உடம்பில் ரத்தத்துக்குப் பதிலாக ஓடுவதாகச் சொல்லப்படும் திரவம். வறண்ட காலத்தில் செடிகொடிகள் வெளியிடும் எண்ணெய்ப் பொருள்களை மண்ணும் பாறையும் உறிஞ்சி வைத்திருக்கின்றன, ஈரம் பட்டதும் அது வாசமாக வெளியே வருகிறது என்றார்கள். நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ‘ஜியோஸ்மின்’ என்ற வேதிப்பொருளும் அந்த வாசத்தில் சேர்ந்திருக்கிறது.

இனி இதைப் பயன்படுத்துவது. ‘ஸ்மெல் ஆஃப் பெட்ரிகோர்’ என்று பலரும் எழுதுகிறார்கள். சொல்லுக்குள்ளேயே வாசம் இருக்கும்போது இன்னொரு ‘ஸ்மெல்’ எதற்கு? நம்ம ஊர் ‘நடு சென்டர்’ மாதிரிதான் அது. அடைமழைக் காலத்தில் தினமும் பெய்யும்போது வருவதற்கும் இந்தச் சொல் பொருந்தாது. முன்னால் ஒரு வறட்சி இருந்தாக வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் ‘மண்வாசனை’ என்றால் மழைவாசம் மட்டுமில்லை. கி.ரா. கதைகளில் மண்வாசனை வீசுகிறது என்கிறோமே, அதை ‘பெட்ரிகோர்’ என்று மொழிபெயர்த்தால் ஆங்கிலேயர் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். அங்கே தேவைப்படுவது ‘லோக்கல் ஃபிளேவர்’ போன்ற சாதாரணத் தொடர்தான்.

அடுத்தது ‘வெர்கா’. மேகத்திலிருந்து மழை இழை இழையாக இறங்குவது கண்ணுக்குத் தெரியும். தரையைத் தொடுவதற்கு முன்பே காற்றில் ஆவியாகிவிடும். லத்தீனில் குச்சி, கிளை என்று பொருள். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்க, மழை மறைவில் கிடந்து வானத்தையே பார்த்திருக்கும் சம்சாரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கவனிக்க: இது வானிலைக்காரர்களின் சொல். நண்பர்கள் பேச்சில் போட்டால் விளக்கவும் வேண்டியிருக்கும்.

‘ஃபேலோ’ இன்னும் பயனுள்ளது. விதைக்காமல் சும்மா போட்டிருக்கும் நிலம். ஆங்கிலத்தில் இதன் கூட்டாளி ‘லை’ என்ற வினைச்சொல்: நிலம் ‘லைஸ் ஃபேலோ’. தோழரைக் குறிக்கும் ‘ஃபெலோ’விலிருந்து உச்சரிப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். பலர் இந்த இடத்தில் ‘பேரன்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது எதுவும் விளையாத கட்டாந்தரை. ஐப்பசியில் மழை விழுந்தால் பச்சை பிடிக்கப் போகும் புஞ்சையை ‘பேரன் லேண்ட்’ என்று விண்ணப்பத்தில் எழுதினால், சொந்த நிலத்தை நாமே மதிப்புக் குறைக்கிறோம். வங்கிக் கடன், பயிர்க் காப்பீடு மாதிரியான காகிதங்களில் இது வெறும் இலக்கணப் பிழை இல்லை.

கரிசலுக்கே ஆங்கிலத்தில் ‘ரெகர்’ என்று பெயர் உண்டு. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886-ல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியிலேயே இருக்கிறது. தெலுங்கின் ‘ரேகடி’யையும் அங்கே சுட்டுகிறார்கள். தெலுங்கு பேசும் வீடுகள் நிறைந்த கரிசல் கிராமங்களுக்கு இது அந்நியச் சொல்லே இல்லை. மண்ணியல்காரர்கள் இதை ‘வெர்டிசால்’ வகையில் சேர்ப்பார்கள். லத்தீனில் ‘திருப்புதல்’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது அது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண்ணின் விரிசலுக்குள் மேல்மண் விழுந்து, மழையில் ஊதிப் பெருத்து, தன்னைத்தானே புரட்டிக்கொள்வதால் அந்தப் பெயர்.

பாளையக்காரரும் ‘பாலிகர்’ ஆக ஆங்கில அகராதியில் உட்கார்ந்திருக்கிறார். 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு கோவில்பட்டிக்கு அருகில்தான். வரலாறு எழுதும்போது தவிர வேறெங்கும் இந்தச் சொல் உதவாது.

2017 மே மாதம் சசி தரூர் ஒரு ட்வீட்டில் போட்டு நாட்டையே அகராதி புரட்ட வைத்த ‘ஃபராகோ’வைச் சொல்லாமல் விட முடியாது. இன்று தாறுமாறான கலவை என்று பொருள். ஆனால், லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம்! சோளநாத்தும் கூளமும் கலந்து போட்ட தொட்டியை ஒருமுறை நினைத்துக்கொண்டால் இந்தச் சொல் மறக்காது. பின்னால் ‘ஆஃப்’ போட்டு, பொய், திரிபு போன்ற கெட்ட சகவாசத்தோடுதான் இது பெரும்பாலும் வரும். பிறந்தநாள் விருந்தை ‘ஃபராகோ ஆஃப் டிஷஸ்’ என்று பாராட்டினால், சமைத்தவர் அகராதி பார்க்காதவராக இருக்க வேண்டும்.

போனில் என்ன செய்யலாம்?

புதுச்சொல் ஒன்று கண்ணில் பட்டால், அர்த்தத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல், அது வந்த முழு வாக்கியத்தையும் நோட்ஸில் போடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டின் மாணவர் அகராதிகளும் இணையத்தில் இலவசம். அவற்றில் சொல்லுக்குப் பக்கத்தில் ‘ஃபார்மல்’, ‘லிட்ரரி’, ‘ஓல்ட்-ஃபேஷன்ட்’ என்று சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும். பலரும் தாண்டிப் போவது அதைத்தான். ‘லிட்ரரி’ என்று போட்ட சொல்லை அலுவலக மெயிலில் எழுதினால், கல்யாண வீட்டுக்கு நாடக உடையில் போனது மாதிரி ஆகிவிடும். பிறகு, அதே சொல்லை வைத்து உங்கள் ஊரைப் பற்றி ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதுங்கள். வாரத்துக்கு மூன்று சொல் போதும்.

மறுபடி அந்த நேர்காணல் அறை. இந்த முறை பதில், ‘மை ஃபாதர் குரோஸ் ரெயின்ஃபெட் காட்டன் அண்ட் பிளாக் கிராம்’. எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்க்கிறார். ‘மழை பொய்த்துவிட்டால் என்ன செய்வார்?’ என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, கரிசல்காட்டுப் பிள்ளைக்கு எந்தப் பட்டியலும் தேவையில்லை.