காதால் கேட்பதும் பொய்

வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு மூக்கு வழியாக இரைப்பை வரை ஒரு மெல்லிய குழாயை இறக்குவார்கள். வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்திருந்தால் ‘ரைல்ஸ் டியூப்’ என்ற பெயர் உங்களுக்குப் பழகியிருக்கும். தொண்டைக்குக் கீழே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று இரைப்பைக்கு, இன்னொன்று நுரையீரலுக்கு. நினைவு மங்கிக் கிடப்பவருக்குக் குழாய் தப்பான பக்கம் போனாலும் இருமல் வராமலே போகலாம். அது தெரியாமல் கஞ்சியை ஊற்றினால் நேரே நுரையீரலில் இறங்கும். உயிருக்கே ஆபத்து.

குழாய் எங்கே நிற்கிறது என்று அறிய நர்ஸ்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு வழியைக் கையாண்டு வந்தார்கள். சிரிஞ்சில் காற்றை இழுத்துக் குழாய்க்குள் வேகமாகச் செலுத்துவது, மேல்வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பது. ‘புஸ்’ என்று கேட்டால் இரைப்பை, பாலை ஊற்றலாம். செலவில்லை, நொடியில் முடியும், சீனியர் சிஸ்டர் கையோடு சொல்லிக்கொடுத்தது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் நர்சிங் ஆய்வாளரான நார்மா மெத்தனி இந்தச் சத்தத்தையே சோதனைக்கு எடுத்துக்கொண்டார். காற்றைச் செலுத்தும்போது எழும் ஒலிகளைப் பதிவு செய்து, அனுபவமுள்ளவர்களிடம் போட்டுக் காட்டி, குழாயின் நுனி உணவுக்குழாயிலா, இரைப்பையிலா, சிறுகுடலிலா என்று கேட்டார். 1990-இல் முடிவு வெளியானது: சரியாகச் சொன்னது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மூன்று விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலும் அவ்வளவு தேறியிருக்கும்! மார்புக்குள் காற்று பாயும் ஒலியும் மேல்வயிறு வரை கடத்தப்படுகிறது. காது அதைப் பிரித்தறிவதில்லை.

மாற்று வழி வேதியியலில் இருந்தது. குழாயிலிருந்து சில சொட்டுத் திரவத்தை உறிஞ்சி, அமில அளவைக் காட்டும் பிஹெச் தாளில் விட வேண்டும். இரைப்பை நீர் கடும் அமிலம், பிஹெச் எண் தாழ்ந்திருக்கும். நுரையீரல் திரவத்தின் பிஹெச் 7-ஐ ஒட்டி நிற்கும். 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் உணவு கொடுக்கலாம். பழைய நீல லிட்மஸ் தாள் இதற்கு உதவாது; அமிலம் உண்டா இல்லையா என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது.

இங்கிலாந்தில் தேசிய நோயாளிப் பாதுகாப்பு முகமை 2005 பிப்ரவரியில்தான் ‘புஸ்’ சோதனையும் லிட்மஸும் வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது. ஆய்வு வந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2009-இல், ஒருபோதும் நடக்கவே கூடாத தவறுகள் என்று அந்நாடு போட்ட பட்டியலில், தப்பான இடத்தில் நிற்கும் குழாய் வழியே உணவு கொடுப்பதும் சேர்ந்தது. ஆனாலும் 2011 செப்டம்பருக்கும் 2016 மார்ச்சுக்கும் இடையே குழாய் வழியாக நுரையீரலுக்குள் உணவோ மருந்தோ போன சம்பவங்கள் 95 பதிவாயின. அந்தக் காலத்தில் போடப்பட்ட குழாய்கள் 30 லட்சத்துக்கு மேல் என்பதால், விகிதம் சிறியதுதான். தவிர்த்திருக்கக்கூடியவை என்பதுதான் உறுத்தல்.

சுற்றறிக்கை ஏன் வார்டுக்குள் நுழையத் திணறுகிறது? வார்டில் அறிவு நகரும் பாதை வேறு. சந்தேகம் வந்தால் நர்ஸ்கள் ஆய்விதழைத் தேடிப் போவதில்லை, பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார்கள் என்று கனடாவிலும் பிரிட்டனிலும் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. நள்ளிரவில் முப்பது படுக்கைகளுக்கு நடுவே நிற்பவருக்கு அதுதான் முடியும். ‘புஸ்’ சோதனை பரவியதும் இந்தப் பாதையில்தான். சரியானதை அனுப்ப வேண்டியதும் இதே பாதையில்தான்.

அதற்கு அளவீடும் உண்டு. மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, மருத்துவப் பணியாளர்களின் வழக்கத்தை மாற்ற முயன்ற சோதனைகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறது. அச்சிட்ட தாள்களைக் கையில் கொடுப்பதால் வரும் மாற்றம் மிகச் சிறியது. செய்வதைத் தணிக்கை செய்து அவரவருக்கே காட்டினால், 140 ஆய்வுகளின் நடுமதிப்பு 4.3 சதவீதப் புள்ளி முன்னேற்றம். உடன் பணிபுரிபவர்கள் மதித்துக் கேட்கும் ஒருவரை முன்னிறுத்தினால் சுமார் 11. ஆய்வுகள் வெவ்வேறு வகை என்பதால் எண்களை நேருக்கு நேர் நிறுத்த முடியாது. போக்கு மட்டும் விளங்குகிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் பதவியால் பெரியவர் அல்ல. ஊசி ஏறாத நரம்புக்கு எல்லோரும் யாரைக் கூப்பிடுகிறார்களோ, அவர்.

பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் வார்டுக்கு ஒருவரை ‘லிங்க் நர்ஸ்’ என்று வைப்பது இதற்காகவே. அவர் கற்றுவந்து டியூட்டி மாறும் நேரத்தில் ஐந்து நிமிடம் செய்து காட்டுவார். கூடவே பொருட்களும் பேச வேண்டும்: ஸ்டோரிலிருந்து லிட்மஸ் தாள் மறைய வேண்டும், படுக்கையருகே உள்ள சார்ட்டில் பிஹெச் எழுத ஒரு கட்டம் வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அடுத்த ஷிஃப்ட் கேட்கும்.

பிஹெச் சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு இரைப்பையிலேயே பிஹெச் உயர்ந்திருக்கும். அப்போது எக்ஸ்ரேதான் வழி. இங்கிலாந்தில் பதிவான அந்த 95 சம்பவங்களில், பயிற்சியில்லாத டாக்டர்கள் எக்ஸ்ரேயைத் தப்பாகப் படித்தவையும் இருந்தன. எனவே பாடம் நர்ஸ்களோடு நிற்க முடியாது. பிஹெச் 6 காட்டும் இரவில், ‘படம் பார்க்காமல் பால் ஊற்ற மாட்டேன்’ என்று சொல்லும் இளைய நர்ஸுக்குக் காலையில் திட்டு விழாது என்ற உறுதியை மருத்துவமனை நிர்வாகம்தான் தர முடியும்.