டிஎஸ்எல்ஆர் ஒளிப்படங்களில் தெளிவின்மை

டிஎஸ்எல்ஆர் ஒளிப்படங்களில் தெளிவின்மை என்பது, இவ்வகைக் கேமராவில் எடுத்த படத்தின் விளிம்புகளும் நுண்விவரங்களும் கூர்மையின்றி மழுங்கித் தோன்றும் குறையாகும். லென்ஸ் பழுதாகிவிட்டது என்பதே பலருக்கும் முதலில் எழும் ஐயம். ஆனால் குவியம் இடம் தவறுதல், கேமரா அசைதல், படமெடுக்கப்படும் பொருள் அசைதல் ஆகிய மூன்றுமே இதற்குப் பொதுவான காரணங்கள். காரணத்தைக் கண்டறியாமல் புதிய லென்ஸ் வாங்கினால் பணம் செலவாகும். குறை அப்படியே இருக்கும். தாலி கட்டும் நேரம் போன்ற காட்சிகளை மறுபடி எடுக்க இயலாது. ஆகவே கீழ்க்காணும் சோதனைகளை முன்னதாகவே செய்து பார்ப்பது நல்லது.

படத்தைக் கொண்டு காரணம் அறிதல்

படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் காரணம் ஓரளவு புலப்படும்.

- முகம் மழுங்கி, அதன் முன்னோ பின்னோ உள்ள பொருள் கூர்மையாக இருந்தால் அது குவியப் பிழை.
- படம் முழுவதும் ஒளிப்புள்ளிகள் ஒரே திசையில் கோடுகளாக இழுபட்டிருந்தால் கேமரா அசைந்துள்ளது.
- பின்னணி கூர்மையாக இருந்து, ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்துள்ளார்.
- படம் முழுவதும் பனி மூடியதுபோல் வெளிறியிருந்தால் லென்சில் அழுக்கு, கைரேகை அல்லது ஈரம் படிந்திருக்கலாம்.
- சமதளச் சுவரை நேராக எடுத்த படத்தில் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தால், லென்சின் உள் கண்ணாடிகள் மையம் விலகியிருக்கலாம்.

கேமரா அசைவு

கையில் பிடித்து எடுக்கும்போது, ஷட்டர் நேரம் 1/குவியத் தூரம் (விநாடி) என்ற அளவைவிட நீளக்கூடாது என்பது பழைய விதி. இது 35 மி.மீ. பிலிம் கேமராவுக்கு உரியது. ஏபிஎஸ்-சி உணரி கொண்ட கேமராவில் குவியத் தூரத்தை நிக்கானுக்கு 1.5ஆலும் கேனானுக்கு 1.6ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 200 மி.மீ. லென்சுக்கு 1/320 விநாடி தேவை. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓ எண்ணை உயர்த்தலாம். சற்றுப் புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைப் பயன்படுத்த முடியும். அசைந்த படத்தைச் சீராக்குவது கடினம்.

முக்காலியில் வைத்தாலும் கேமராவின் உள் ஆடி மேலெழும் அதிர்வு படத்தைக் கெடுக்கலாம். 1/60 முதல் 1 விநாடி வரையிலான ஷட்டர் நேரங்களில் இது மிகுதியாகத் தெரியும். ஆடியை முன்கூட்டியே உயர்த்தி நிறுத்தும் வசதியையும் 2 விநாடி டைமரையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இக்குறை நீங்கும். முக்காலியில் இருக்கும்போது பழைய லென்சுகளின் அசைவுத் தடுப்பை அணைத்துவிட வேண்டும்.

பொருளின் அசைவு

அசைவுத் தடுப்பு கேமராவின் அசைவை மட்டுமே ஈடுசெய்யும். ஓடும் குழந்தையை நிறுத்தி வைக்காது. அமைதியாக அமர்ந்திருப்பவருக்கு 1/60 விநாடி போதும். நடப்பவருக்கு 1/250, ஓடி விளையாடுபவருக்கு 1/500 அல்லது அதைவிடக் குறுகிய நேரம் வேண்டும்.

குவியப் பிழை

துளையை அகலமாகத் திறக்கும்போது கூர்மையாக விழும் பகுதியின் ஆழம் மிகவும் குறையும். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்சை எஃப்/1.8இல் வைத்து 1 மீட்டர் தொலைவில் எடுத்தால் இந்த ஆழம் சுமார் 3 செ.மீ. மட்டுமே. குவியம் மூக்கில் விழுந்தால் கண் மழுங்கிவிடும். அதே இடத்தில் எஃப்/8இல் எடுத்தால் ஆழம் சுமார் 13 செ.மீ. ஆகிறது.

குவியப் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்க விட்டால் அது பெரும்பாலும் அருகிலுள்ள பொருளையே பிடிக்கும். எனவே ஒரே புள்ளியைத் தேர்ந்து கண்ணின் மீது வைப்பது நல்லது. நகரும் பொருளுக்குத் தொடர் குவிய முறை ஏற்றது. வெறுஞ்சுவர், இருண்ட துணி போன்ற கோடுகளற்ற பரப்பில் தானியங்கிக் குவியம் தடுமாறும். லென்சின் மிகக் குறைந்த குவியத் தொலைவையும் பார்க்க வேண்டும். கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்சுக்கு அது 35 செ.மீ.; அதைவிட நெருங்கினால் குவியம் கிடைக்காது.

முன்குவியமும் பின்குவியமும்

வியூஃபைண்டர் வழியே பார்த்து எடுக்கும்போது, டிஎஸ்எல்ஆர் கேமரா குவியத்தைப் பட உணரியில் அளப்பதில்லை. முதன்மை ஆடியை ஊடுருவும் ஒளியின் ஒரு பகுதி, பின்னுள்ள சிறிய ஆடியில் பட்டு, கேமராவின் அடியிலுள்ள தனி உணரிக்குச் செல்கிறது. இந்தப் பாதையின் நீளமும் பட உணரிக்கான பாதையின் நீளமும் மிகச் சிறிதளவு வேறுபட்டாலும், குவியம் எப்போதும் பொருளுக்கு முன்னோ பின்னோ விழும். லைவ் வியூ முறையில் பட உணரியே குவியத்தை அளப்பதால் இப்பிழை ஏற்படாது. இந்த வேறுபாடே சோதனைக்கு வழி தருகிறது.

கேமராவை முக்காலியில் பொருத்தி, அச்செழுத்து உள்ள அட்டையை அதற்கு நேர் எதிரே நிறுத்த வேண்டும். அட்டையின் பக்கத்தில் ஓர் அளவுகோலைச் சாய்வாக வைக்கலாம். துளையை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் குவியத்தைக் கலைத்துவிட்டு, வியூஃபைண்டர் வழியே ஐந்தாறு படங்களும் லைவ் வியூவில் ஐந்தாறு படங்களும் எடுக்க வேண்டும்.

- இரண்டு முறையிலும் படம் கூர்மையாக இருந்தால் கருவியில் குறை இல்லை. எடுக்கும் முறையைத் திருத்த வேண்டும்.
- வியூஃபைண்டர் படங்கள் மட்டும் ஒரே திசையில், ஒரே அளவில் தவறினால் குவியச் சீரமைப்பு தேவை.
- வியூஃபைண்டர் படங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறாகத் தவறினால் சீரமைப்பால் பயனில்லை. வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி சோதிக்க வேண்டும்.
- இரண்டு முறையிலும் மழுங்கினால் முன் ஃபில்டரைக் கழற்றியும், எஃப்/8இல் வைத்தும் மீண்டும் எடுக்க வேண்டும். அப்போதும் மழுங்கினால் லென்சைப் பழுதுபார்க்கக் கொடுக்கலாம்.

நிக்கான் டி7000, கேனான் 7டி போன்ற கேமராக்களில் குவியத்தை -20 முதல் +20 வரை பயனரே சீரமைக்கலாம். நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளில் இவ்வசதி இல்லை; சேவை மையத்தையே நாட வேண்டும்.

துளையின் அளவு

பல லென்சுகள் முழுதாகத் திறந்த நிலையில் சற்று மழுங்கலாகவும் எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை கூர்மையாகவும் இருக்கும். துளையை மிகச் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவால் கூர்மை மீண்டும் குறையும். பச்சை ஒளியில் ஒரு புள்ளி, எஃப்/8இல் சுமார் 11 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வட்டமாகவும் எஃப்/22இல் சுமார் 30 மைக்ரோமீட்டர் வட்டமாகவும் விரிகிறது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி உணரியில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 4 மைக்ரோமீட்டர்தான்.

ஈரமும் பூஞ்சையும்

சென்னை போன்ற கடலோர ஊர்களில், குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்தவுடன் லென்சில் நீராவி படியும். பையை மூடியபடியே வைத்து, கேமரா வெளி வெப்பநிலைக்கு வந்தபின் திறந்தால் இதைத் தவிர்க்கலாம். நெடுநாள் ஈரத்தில் கிடக்கும் லென்சினுள் பூஞ்சை வளரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பது பாதுகாப்பானது.

திரையில் தோன்றும் மழுங்கல்

6000 பிக்சல் அகலமுள்ள படத்தை, அங்குலத்துக்கு 96 பிக்சல் காட்டும் திரையில் 100 விழுக்காட்டில் பார்ப்பது, ஏறத்தாழ 159 செ.மீ. அகல அச்சை அருகிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அங்கே தெரியும் சிறு மழுங்கல் அஞ்சலட்டை அளவு அச்சில் தெரியாது. மேலும், ஜேபெக் படங்களுக்குக் கேமராவே கூர்மையூட்டுகிறது. ரா கோப்புக்கு அதை மென்பொருளில் செய்ய வேண்டும். அதனால் ரா படம் முதலில் மென்மையாகத் தோன்றுவது இயல்பே. இருப்பினும் மென்பொருளின் கூர்மையூட்டல், படத்தில் பதிவான விளிம்புகளையே எடுத்துக்காட்டும். குவியம் தவறியதால் இழந்த விவரத்தை மீட்டுத் தராது.