"தகாத வார்த்தை" என்று எழுதினால் போதாது

சாகாமம், திருக்கோவில் பக்கமிருந்து அக்கரைப்பற்று, கல்முனைக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேலைக்கு வரும் பெண்களில், யுத்தத்தில் வீட்டின் உழைப்பாளியை இழந்த பிறகே சம்பளத்துக்கு இறங்கியவர்களும் இருக்கிறார்கள். ஊரில் 'அக்கா', 'மகள்' என்று அழைக்கப்பட்டவர் வேலைத்தளத்தில் 'அடியே' ஆகிறார். கணக்குப் பிழைத்தால் தாயை இழுத்து ஏச்சு, பிந்தி வந்தால் ஊரை இழுத்து ஏச்சு. சில இடங்களில் 'அகதி', 'புலி' என்ற சொற்களும் வந்து விழுகின்றன. மாதம் முடிய சம்பளம் வேண்டும் என்பதால் அவர்கள் வாய் திறப்பதில்லை.

துணிந்து முறையிடுபவர்களும் ஓரிடத்தில் தடுக்கிவிடுகிறார்கள். முறைப்பாட்டில் "முதலாளி தகாத வார்த்தைகளால் ஏசினார்" என்று மட்டும் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைத் தாளில் எழுத வெட்கம். கேட்ட காதே கூசும்போது கை எப்படி எழுதும்? ஆனால் சொன்னது என்ன என்பதைப் பொறுத்தே சட்டத்தின் வழி மாறுகிறது. சொல் இல்லாவிட்டால் வழியும் இல்லை.

பாலியல் ரீதியான சொல் என்றால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவுக்குள் வரும். 1995இல் திருத்தப்பட்ட இப்பிரிவின்படி, தொடாமல் சொல்லால் மட்டும் தொல்லை கொடுப்பதும் குற்றம். வேலைத்தளத்தில் அதிகாரத்தில் உள்ளவரின் விரும்பத்தகாத பாலியல் பேச்சையும் அதன் விளக்கம் உள்ளடக்குகிறது. ஐந்து வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நட்டஈடு செலுத்தவும் கட்டளையிடலாம். வேறு வகையான அவமதிப்புக்கு 484ஆம் பிரிவு உண்டு. ஆனால் அந்த அவமதிப்பு சமாதானக் குலைவைத் தூண்டக்கூடியது என்று காட்ட வேண்டும் என்பதால் அது இலகுவான வழியல்ல.

அரச அலுவலகம் என்றால் கதை வேறு. ஒரு பாடசாலை ஆசிரியை தாக்கல் செய்த 76/2012 இலக்க மனுவில், வேலைத்தளப் பாலியல் தொல்லையைச் சமத்துவ உரிமை மீறலாக உயர் நீதிமன்றம் 2016இல் பார்த்தது. இத்தகைய மனுவுக்கு ஒரு மாதமே கால எல்லை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த எல்லைக்குள் கணக்கெடுக்கப்படாது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் ஒன்று கல்முனையிலேயே இருக்கிறது.

தனியார் இடங்களில் பலரும் செய்வது வேலையை விட்டுவிடுவதுதான். இராஜினாமாக் கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்த இரண்டு சொற்கள் முதலாளிக்குக் கொடுக்கும் பரிசு. தாங்க முடியாத நடத்தையால் ஊழியரை விலகச் செய்வதும் வேலைநீக்கத்துக்குச் சமம் என்று தொழில் நியாய சபையில் வாதிடலாம். விலகிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்தரணி இல்லாமல் தானே போகலாம், தொழிற்சங்கமும் பேசலாம். கடிதத்தில் உண்மைக் காரணம் இருந்தால் அதுவே முதல் சான்று.

ஆகவே ஒரு பிள்ளையின் பழைய கொப்பி போதும். திகதி, நேரம், இடம், சொன்னவர், பக்கத்தில் நின்றவர், சொன்ன சொல் ஆகியவற்றை அன்றிரவே குறித்துவையுங்கள். சொல்லைக் கேட்டபடியே எழுதுங்கள், புள்ளி வைத்து மறைக்க வேண்டாம். ஒரு தடவை நடந்ததுதானே என்று விடவும் வேண்டாம். சர்வதேச தொழில் தாபனத்தின் 2019ஆம் ஆண்டு 190ஆவது சமவாயம், ஒரே ஒரு தடவை நடந்தாலும் அதை வன்முறையாகவும் தொந்தரவாகவும் கணக்கெடுக்கிறது.

பொலிஸ் நிலைய வாசலைக் கண்டாலே பழைய நினைவுகள் எழுபவர்கள் எம்மில் பலர். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விளங்காமல் கையெழுத்திட்ட அனுபவமும் பலருக்கு உண்டு. அரசியலமைப்பின்படி தமிழ் அரச கரும மொழி; கிழக்கு மாகாணத்தின் நிர்வாக மொழியும் அதுவே. தமிழில் எழுதும்படி கேளுங்கள், வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வாருங்கள். தனியே போகத் தயக்கமான பெண்கள் முதலில் 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.