பாலிங் வழியாகப் பெத்தோங்: எல்லை மலையில் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களுக்கு

நீண்ட வார இறுதி வந்தால் போதும், பாலிங் பட்டணத்து ஒட்டுக்கடைகளில் விடியும் முன்பே சைக்கிள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். சுங்கை பட்டாணி, கூலிம், பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து வருபவர்கள் ரொட்டி சானாயில் பசியாறிவிட்டு, பெங்காலான் ஹூலு வழியாகத் தாய்லாந்தின் பெத்தோங் நகரத்தை நோக்கிப் புறப்படுகிறார்கள். காரில் போனால் பெரிய தூரமில்லை. சைக்கிளில் போனால்தான் அந்த மலையின் கனம் தெரியும்.

இவர்களில் நம்மவர்களும் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள், வேலை ஓய்வு பெற்றவர்கள், மருத்துவர் "உடம்பை அசைக்கணும்" என்று சொன்ன பிறகு சைக்கிள் வாங்கியவர்கள் எனப் பலர். போக நினைப்பவர்கள் பாதையையும் மலையையும் தங்கள் உடம்பையும் கொஞ்சம் அறிந்துகொண்டு புறப்படுவது நல்லது.

முதலில், அங்கே ஏன் மலை என்ற கேள்வி. எல்லைக்கோடு வந்த விதமே அதற்கு விடை. 1909 மார்ச் 10ஆம் தேதி பிரிட்டனும் சியாமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவை பிரிட்டிஷ் பிடிக்குள் வந்தன. அதுவரை ரெமான் என்ற சிற்றரசின் கையிலிருந்த மேல் பேராக் பகுதிகளும் பேராக்குக்குத் திரும்பின. பெங்காலான் ஹூலு அதில் அடங்கும். பழைய ஆட்களுக்கு 'குரோ' என்றால்தான் ஊர் பிடிபடும். கோடு கிழித்தவர்கள் இந்தப் பகுதியில் பெரும்பாலும் நீர் பிரியும் மேட்டையே எல்லையாகக் கொண்டார்கள். மேட்டின் ஒரு பக்கம் பெய்யும் மழை பட்டாணி ஆற்றில் சேர்ந்து வடக்கே போய்த் தாய்லாந்து வளைகுடாவில் கலக்கும். மறுபக்கம் பெய்வது மூடா ஆற்றிலோ பேராக் ஆற்றிலோ சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகும். ஆகவே இங்கே எல்லையைக் கடப்பது என்றாலே ஒரு முதுகைத் தாண்டுவதுதான். ஏறாமல் அந்தப் பக்கம் போக வழி கிடையாது.

வழிகள் இரண்டு. ஒன்று கெடா பக்கம், பாலிங்கிலிருந்து. சுண்ணாம்புக்கல் மலை ஊருக்கு மேலே சுவர்போல் நிற்க, சாலை ரப்பர்க் காடுகளுக்குள் வளைந்து ஏறும். மற்றொன்று பேராக் பக்கம். கோல கங்சாரில் தொடங்கி லெங்கோங், கெரிக், கிளியான் இந்தான் வழியாக வரும் 76ஆம் எண் கூட்டரசு சாலை அது. நீளமான பாதை. லெங்கோங்கில் ஒரு நாள் தங்கிப் போவது புத்திசாலித்தனம். 1991ல் 'பேராக் மனிதன்' எலும்புக்கூடு கிடைத்ததும், 2012ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் அந்தப் பள்ளத்தாக்குதான்.

கெரிக் வரை வந்தவர்களுக்கு, கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஜெலி வரை போய்ப் பார்த்தால் என்ன என்ற ஆசை வரும். காடும் தெமெங்கோர் ஏரியும் கண்ணை இழுக்கும் இடம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 2025 மே மாதம் லோரி மோதி யானைக்குட்டி இறந்ததும், தாய் யானை அந்த இடத்தை விட்டு நகர மறுத்ததும் அந்தச் சாலையில்தான். அடுத்த மாதம், ஜூன் 9ஆம் தேதி அதிகாலையில், சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் பேருந்து விபத்தில் உயிரிழந்ததும் அங்கேதான். நீண்ட இறக்கம், பனிமூட்டம், கனரக வாகனம் மூன்றும் சேரும் பாதை அது. புதிதாக மலையேறப் பழகுபவர்கள் அதை விட்டுவிடுவதே சரி. அனுபவமுள்ளவர்களும் பின்னால் ஒரு துணை வாகனம் இல்லாமல், இருட்டும் வேளையில் போகக்கூடாது.

ஏற்றத்தின் கணக்கு

சாலையோரப் பலகையில் 8 விழுக்காடு என்று எழுதியிருந்தால், 100 மீட்டர் முன்னே போகும்போது 8 மீட்டர் மேலே ஏறுகிறோம் என்று பொருள். கேட்கச் சிறிதாகத் தெரியும். 75 கிலோ ஆள், சைக்கிளும் மூட்டையுமாக 20 கிலோ, மொத்தம் 95 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதை 100 மீட்டர் உயரம் தூக்க ஏறக்குறைய 22 கலோரி வேலை நடக்க வேண்டும். நம் தசை தான் எரிப்பதில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகவும் வியர்வையாகவும் போய்விடும். ஆக, 100 மீட்டர் உயரத்துக்குச் செலவு சுமார் 90 கலோரி, அதாவது ஒரு வாழைப்பழம். மூட்டையில் தேவையில்லாமல் 10 கிலோ சேர்த்தால் ஒவ்வொரு பத்து வாழைப்பழத்துக்கும் இன்னொன்று கூடும். மூன்று ஜோடிச் சட்டை எதற்கு என்று புறப்படுமுன் யோசிக்கலாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லயத்து வாசலில் நின்ற பழைய இரும்புச் சைக்கிள் ஞாபகம் இருக்கும். பால் தோம்பு கட்டிக்கொண்டு போன வண்டி. அதில் பெரும்பாலும் முன் பல்சக்கரத்துக்கு 44 பல், பின்னால் 18 பல். மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 5 மீட்டருக்கு மேல் ஓடும். சமநிலத்தில் அது வரம், மேட்டில் சாபம். அதனால்தான் மேடு வந்தால் இறங்கித் தள்ளினார்கள், பலமில்லாமல் அல்ல. இன்றைய மலைப் பயணச் சைக்கிளில் முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்ற கியர் இருந்தால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் சொச்சம்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். வேக நடைக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் முழங்கால் தப்பிக்கும். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, கனத்த கியரில் எழுந்து நின்று முட்டி மோதுவது. மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பேச்சு நிற்காமல் ஏற முடிகிற வேகமே சரியான வேகம். பக்கத்தில் வருபவரோடு இரண்டு வாக்கியம் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம்.

இறக்கத்தைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. ஏறியபோது உயரமாகச் சேர்த்த சக்தியில் காற்றுத்தடை எடுத்துக்கொண்டது போக மீதி இறங்கும்போது பிரேக்கில்தான் வெப்பமாக இறங்கும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சக்கர விளிம்பு சூடேறி டயர் வெடிக்கலாம். வளைவுக்கு முன் நேர்ச்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு கையைத் தளர்த்த வேண்டும். மழை நனைந்த சாலையில், ரப்பர் இலை கிடக்கும் வளைவில், பிரேக் பிடிப்பதே ஆபத்து. மேற்குக் கரையில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். விடியலில் புறப்பட்டு மதியத்துக்குள் சேருவதே நல்லது.

இனிப்புநீர் உள்ளவர்கள்

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பத்துப் பேர் கொண்ட நம்மவர் குழு ஒன்று மலையேறினால், அதில் மூவர் இனிப்புநீர் உள்ளவர்களாக இருக்க வாய்ப்புண்டு. ஒருவர் அதை வெளியே சொல்லாமலும் இருக்கலாம்.

சைக்கிள் மிதிப்பது சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும் என்பது உண்மை. ஆனால் இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் நீண்ட ஏற்றத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் குறைவு. சிக்கல் எங்கே என்றால், சர்க்கரை இறங்குவதன் அடையாளங்களான நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் மலையேறும் யாருக்கும் இருப்பவைதான். "களைப்பு, இன்னும் ஒரு மேடுதான்" என்று மிதித்தால் அடுத்து வருவது குழப்பமும் மயக்கமும். அதுவும் லோரி ஓடும் சாலையில். வழக்கமாகப் பேசுபவர் பேச்சை நிறுத்திவிட்டாலோ, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தாலோ கூட வருபவர்கள் அவரை நிறுத்த வேண்டும். 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனியோ, குளுக்கோஸ் தூளோ, அரை கிளாஸ் இனிப்புப் பானமோ உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். அப்போதும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

அன்று இரவும் கவனம் தேவை. பகலில் காலியான தசை இரவில் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். தூக்கத்திலேயே அளவு இறங்கலாம். மருந்தளவை எப்படி மாற்றுவது என்பதைப் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும், தானாகக் குறைக்கக்கூடாது. இன்சுலினை வெயில் படும் பையில் வைத்தால் அதன் வீரியம் போய்விடும். பாதம் மரத்துப் போனவர்கள் புதுச் சப்பாத்தை மலையில் பழக்கப் பார்க்கக்கூடாது. நீண்ட நாள் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வருவதுண்டு என்பதால், இருதயப் பரிசோதனையையும் முடித்துவிட்டுப் போவது வீட்டாருக்கும் நிம்மதி.

எல்லைக்கு அப்பால்

கெரிக்கிலிருந்து வருபவர்கள் கடக்கும் கிளியான் இந்தானைச் சும்மா கடந்துவிட வேண்டாம். 1955 டிசம்பர் 28ஆம் தேதி சின் பெங் காட்டிலிருந்து வெளியே வந்தது அங்குள்ள குனோங் பாக்கு ஈயமலைப் பக்கம்தான். பாலிங் பள்ளிக்கூடத்தில் துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஆகியோருடன் நடந்த பேச்சு மறுநாளே முறிந்தது. அதன் பிறகு கம்யூனிஸ்டுப் படை எல்லைக்கு அப்பால், பெத்தோங் காடுகளில் தங்கியது. 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை அது நீண்டது. 1976ல் அவர்கள் மலைக்குள் தோண்டிய பியாமித் சுரங்கத்தை இப்போது சுற்றுப்பயணிகள் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.

அதற்கும் முந்திய கதை ஒன்று, நம் காதில் அதிகம் விழாதது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி, ஜப்பானியர் பட்டாணிக் கரையில் இறங்கிய அன்று, குரோவிலிருந்து எல்லை தாண்டிப் புறப்பட்ட படையில் பஞ்சாப் ரெஜிமெண்ட் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். மலையைக் குடைந்து போட்ட ஒரு சாலைப் பகுதியை ஜப்பானியருக்கு முன் பிடிப்பது திட்டம். தாய் போலீஸ் எல்லையிலேயே தடுத்ததில் நேரம் போயிற்று, ஜப்பானியர் முந்திக்கொண்டார்கள். பலர் திரும்பவில்லை. பெத்தோங்கிலிருந்து யாலா போகும் 410ஆம் எண் சாலையில் இன்று மிதிப்பவர்கள் அந்த மலைகளைத்தான் பார்க்கிறார்கள்.

பெத்தோங் நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் அமைந்தது. மணிக்கூண்டு, 1924ல் கட்டிய பெரிய அஞ்சல்பெட்டி, மாலையில் மின்கம்பிகளில் வரிசையாக வந்து அமரும் தகைவிலான் குருவிகள், முட்டை வேகும் வெந்நீர் ஊற்று என ஒருநாள் போதும். அதிகாலையில் ஐயர்வெங் உச்சியில் மேகக்கடல் பார்க்க ஆசைப்படுபவர்கள், சைக்கிளை விடுதியில் விட்டுவிட்டு வண்டி பிடித்துப் போவது நல்லது. இருட்டில் மலைச்சாலையில் மிதிக்கத் தேவையில்லை. சைவம் சாப்பிடுபவர்கள் காய்கறிப் பிரட்டலிலும் மீன் சாறு விழும் என்பதை மறக்க வேண்டாம்.

பாதுகாப்பு பற்றியும் நேராகப் பேசிவிடலாம். தாய்லாந்தின் தென்மாநிலங்களில் 2004 முதல் வன்முறை இருந்து வருகிறது. பெத்தோங் அதில் அமைதியான பக்கம் என்றாலும், 2014 ஜூலையில் அங்கே கார் வெடிகுண்டு வெடித்ததும் உண்மை. வெளியுறவு அமைச்சின் அறிவிப்பைப் பார்த்து, பயணக் காப்புறுதி எடுத்து, நகரத்தைச் சுற்றியே திட்டமிடுவது போதும். யாலா வரையிலான சுமார் 140 கிலோமீட்டரையும் மிதித்தே தீருவேன் என்பது வீம்பு.

கடப்பிதழ் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லாரும் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதைப் புறப்படுவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் செய்யலாம், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையத்தளங்கள் போலி. அந்தப் பக்கமும் சாலையின் இடப்பக்கமே ஓட்டுவதால் தடுமாற்றம் இருக்காது.

கடிகாரத்தில்தான் தடுமாற்றம். தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். இந்தச் சாவடி இரவில் மூடப்படும். மூடும் நேரம் எந்த நாட்டு நேரத்தில் சொல்லப்பட்டது என்பதைப் போகும்போதே அதிகாரியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பெத்தோங்கில் மாலை ஐந்து என்று சாவகாசமாகக் கோப்பி குடிக்கும்போது குரோவில் மணி ஆறு. வீடு திரும்பும் வழி எல்லை வரை முழுக்க ஏற்றம்.