இயந்திரமும் பறவையும்

மனிதன் தன் கையால் ஆக்கிய ஒன்று தன்னையே அழித்துவிடுமோ என்னும் அச்சம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. வரம் கொடுத்த சிவனின் தலையிலேயே கைவைத்துச் சோதிக்கத் துணிந்த பஸ்மாசுரனின் கதையைக் கேளாது வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலரே. விஞ்ஞான யுகத்தில் அந்த அசுரன் திரைப்படத்தினுள் புகுந்துகொண்டான். 1954 ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த 'கொட்சில்லா' என்னும் படத்தில், ஐதரசன் குண்டுச் சோதனையால் கடலடியிலிருந்து எழுந்த பூதம் தோக்கியோ நகரைத் துவம்சம் செய்தது. முப்பதுக்கும் மேற்பட்ட படங்களாக நீண்டுவிட்ட அத்தொடரில், பின்னாளில் அதே பூதம் மக்களைக் காக்கும் வீரனாகவும் மாறிற்று.

இத்தகைய தொடர்களை ஒப்பிடுவோரிற் பலர், எந்தப் படத்தில் காட்சி பெரிது, எந்தப் படத்தில் சண்டை சிறந்தது என்பதோடு நின்றுவிடுகின்றனர். முதற் படம் கேட்ட கேள்வியை அடுத்த படம் எவ்வாறு மாற்றிக் கேட்கின்றது என்று நோக்குவதே பயன் தரும் ஒப்பீடாகும். தமிழிலே அவ்வாறு நோக்குதற்கு ஏற்றவை சங்கர் இயக்கிய இரண்டு படங்கள். ஒன்று 2010 ஆம் ஆண்டில் வெளிவந்த 'எந்திரன்'. மற்றது 2018 நவம்பரில் வெளிவந்த '2.0'. முன்னதன் எழுத்தில் எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பங்குண்டு; 2008 இல் மறைந்த அவர் அப்படம் நிறைவெய்தியதைக் காணவில்லை. பின்னதன் எழுத்தில் ஜெயமோகன் பங்குகொண்டார். இரண்டிலும் விஞ்ஞானி வசீகரனாகவும், அவன் படைத்த சிட்டி என்னும் இயந்திர மனிதனாகவும் ரஜினிகாந்தே நடித்துள்ளார்.

'எந்திரன்' கேட்கும் கேள்வி இது: அறிவு மட்டும் பெற்று அறம் பெறாத இயந்திரம் என்ன செய்யும்? தீப்பற்றிய மாடியிலிருந்து பலரைக் காப்பாற்றும் சிட்டி, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அந்நிலையிலேயே தூக்கிவந்து ஊரார் முன்னே நிறுத்துகின்றது. உயிரைக் காக்கத் தெரிந்த அதற்கு நாணம் என்பது தெரியவில்லை. அப்பெண் வெட்கம் தாளாது ஓடி வாகனத்தில் அடிபட்டு இறக்கின்றாள். இக்குறையை நீக்க வசீகரன் அதற்கு உணர்ச்சியை ஊட்டுகின்றான். உணர்ச்சியோடு காதலும், காதலோடு பொறாமையும் வருகின்றன. பிறகு பகைவன் ஒருவனின் கையில் அகப்பட்டு அது கொலைக் கருவியாகின்றது. இறுதியில் நீதிமன்றத்தின் ஆணைப்படி, சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கின்றது. இயந்திரத்தினால் மனிதனுக்கு நேரும் ஆபத்தே இப்படத்தின் பொருள்.

'2.0' படத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாறிவிடுகின்றனர். சென்னையில் கைத்தொலைபேசிகள் யாவும் திடீரெனப் பறந்து மறைகின்றன. பின்னர் அவையே ஒன்றுகூடி ஒரு பெரும் பறவையாக வந்து தாக்குகின்றன. அதன் உள்ளே இருப்பது பட்சிராஜன் என்னும் முதிய பறவையியலாளரின் ஆவி. தொலைபேசிக் கோபுரங்களின் அலைகளால் பறவைகள் மடிகின்றன என்று அவர் எங்கெங்கோ முறையிட்டும் எவரும் செவிகொடுக்கவில்லை. கோபுரமொன்றிலேயே தூக்கிட்டு இறந்தார். கழற்றி வைத்த சிட்டியை மீண்டும் பூட்டி அவரோடு போர் செய்ய அனுப்புகின்றனர். முதற் படத்தின் அசுரன் இப்பொழுது காவலன். எதிரியோ நியாயம் உள்ளவர். இயந்திரம் மனிதனை என்ன செய்யும் என்ற கேள்வி போய், மனிதன் இயந்திரத்தைக் கொண்டு பிற உயிர்களை என்ன செய்கின்றான் என்ற கேள்வி எழுகின்றது. கதைக் கட்டுக்கோப்பில் முதற் படமே மேலானது. எனினும், கேள்வியின் ஆழத்தில் இரண்டாவது ஒரு படி முன்னே செல்கின்றது.

மன்னார்க் கரையில் வாழும் நேயர்களுக்கு இந்தக் கேள்வி வெறுங் கதையன்று. மாரி காலத்தில் தாம்போதி வழியே தீவுக்குச் செல்வோர், இருபுறத்துச் சதுப்பு நீரிலும் பூநாரைக் கூட்டங்களையும் ஊசிவால் வாத்துகளையும் காணலாம். பெருநிலத்துக் கரையிலுள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010 ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் வான்வழி இத்தீவின் மேலாகவே இலங்கையுள் இறங்குகின்றது.

அதே தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் நிற்கின்றன. மின்சார சபைக்கென அமைந்து, ஏறத்தாழ நூறு மெகாவாட் மின்சாரம் தரவல்ல 'தம்பபவனி' என்னும் அத்தொகுதி 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. தீவிலும் பூநகரியிலும் மேலும் பெரிய தொகுதிகளை அமைக்கும் திட்டமொன்றை எதிர்த்து 2024 இல் உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. பறவைகளின் பாதை தடைப்படும் என்பது அவற்றின் காரணங்களுள் ஒன்று. திட்டத்தை ஏற்றிருந்த இந்திய நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது.

இங்கேதான் படத்தின் கேள்வியையும் படம் தரும் விடையையும் வேறு பிரித்துப் பார்த்தல் வேண்டும். தொலைபேசி அலைகளால் பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிகின்றன என்பதற்கு உறுதியான விஞ்ஞானச் சான்று கிடைத்திலது. இவ்வுரையை நேயர்களின் செவிக்குக் கொண்டுவருவதும் அத்தகைய அலையே அன்றோ! சிட்டுக்குருவி அழிந்தே போயிற்று என்பது பொதுப்பேச்சு. 2020 இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையோ, பெருநகரங்கள் சிலவற்றில் அது குறைந்திருப்பினும் நாடு முழுவதையும் நோக்குமிடத்துப் பெரும்பாலும் நிலைபெற்றுள்ளது என்று கூறிற்று. பறவைக்கு மெய்யான பகை வேறு. வாழிடம் சுருங்குதல் அதில் முதன்மையானது. கண்ணுக்குத் தெரியாத அலையைக் காட்டிலும், கண்ணுக்குத் தெரியும் கம்பியும் சுழலும் இறக்கையுமே அதன் சிறகை முறிக்கின்றன. வட அமெரிக்காவில் இரவில் வலசை போகும் பறவைகள் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் கோபுரங்களிலும் அவற்றின் இழுவைக் கம்பிகளிலும் மோதி இறக்கின்றன.

ஆகவே இயந்திரமே பகை என்று முடிவு செய்யலாமோ? அதுவும் பிழையாகும். காற்றாலை இல்லையெனில் அந்த மின்சாரத்துக்கு நிலக்கரியையோ எண்ணெயையோ எரிக்க நேரும்; அதே மேற்குக் கரையில் நுரைச்சோலையில் நிலக்கரி எரிகின்றது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் செய்மதிக் கருவி பூட்டிவிட்ட கடற்காகங்கள் 2021 இல் ரஷ்யாவின் வடதுருவப் பகுதிவரை பறந்து சென்றதை உலகம் அறிந்தது. பறவையின் வழியை நமக்குச் சொன்னது ஓர் இயந்திரந்தான். பறவைக் கூட்டம் நெருங்கும்பொழுது காற்றாலையை நிறுத்திவைக்கும் முறையும் உலகில் சில இடங்களில் நடைமுறையில் உள்ளது.

பட்சிராஜனின் துயரம் அவர் சொன்ன காரணத்தின் மெய் பொய்யிலே தங்கியதன்று. அவர் கேட்டபொழுது எவரும் ஆராய்ந்து பார்க்கவில்லை என்பதிலே தங்கியது. கம்பம் நடுவதற்கு முன்னே பறவைகளை எண்ணி, அவற்றின் வழியை அறிந்து, கரையில் வாழும் மீனவரின் சொல்லையும் கேட்டு இடம் தெரிவு செய்தால், சிட்டியும் பட்சிராஜனும் போர் செய்யவேண்டிய தேவையே எழாது. அவ்வாறு எண்ணிப் பார்க்கும் வேலைக்கு ஆவியும் வேண்டா, இயந்திர மனிதனும் வேண்டா. மாரி காலத்தில் தாம்போதி ஓரத்தில் குறிப்புப் புத்தகத்தோடு நிற்கும் மாணவர் சிலரும் அதனைத் தொடங்கிவைக்கலாம்.